புல்லட்டின் மூலபாடம்

ஏடுகளை ஒப்பிட்டு நூல் பதிப்பிக்கும் புலவரும், பழைய வண்டி ஒன்றைப் பிரித்துப் பூட்டி ஓடவைக்கும் மெக்கானிக்கும் வெவ்வேறு உலகத்தவர் என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். ஒருவர் கையில் மைக்கறை; மற்றவர் கையில் எண்ணெய்க்கறை. ஆயினும் பணியைத் தொடங்கும்போது இருவர் முன்னும் ஒரே வினா வந்து நிற்கிறது. எது மூலம்? எது இடையில் வந்து புகுந்தது? புகுந்ததை நீக்குவதா, வைத்துக்கொள்வதா? உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றுவதற்கு முன் ஏடு தேடி ஊர் ஊராகச் சென்றதை நாம் அறிவோம். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் உறுப்புகளைத் தேடிச் செல்பவரும் அவ்வாறே ஊர் ஊராக அலைகிறார். ஒரே உறுப்பின் இரு வடிவங்களை அருகருகே வைத்து ஒப்பிடுகிறார். எது முந்தியது என்று முடிவு செய்ய முயல்கிறார். இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடிய அன்பர்களுக்கு இந்த ஒற்றுமையையே விடையாகக் கூற விரும்புகிறேன்.

எடுத்துக்கொண்ட வண்டி புல்லட். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ஒலியைக் கொண்டே அடையாளம் காணப்பட்ட வண்டி இது ஒன்றுதான். பால்கேன் கட்டிய புல்லட், காவல் நிலையத்துப் புல்லட், மிராசுதார் வீட்டுப் புல்லட் என்று நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் அது பலமுறை வந்து போயிருக்கிறது. அதன் வரலாற்றை மட்டும் நாம் அதிகம் எழுதியதில்லை.

ஊசியிலிருந்து தோட்டாவுக்கு

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ரெட்டிச் என்றோர் ஊர். தையல் ஊசி செய்வதில் பேர்பெற்றது. அதன் அருகே ஹன்ட் எண்ட் என்னும் இடத்தில் ஜார்ஜ் டவுன்செண்ட் என்பவர் 1851இல் ஊசித் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அந்நிறுவனம் பின்னர் மிதிவண்டி செய்யத் தலைப்பட்டது. நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. 1891இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்னும் இருவர் அதனை ஏற்றனர். 1893இல் மிடில்செக்ஸ் பகுதியின் என்ஃபீல்டு என்னும் ஊரில் இருந்த அரச துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்துதரும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையைப் பறைசாற்றவே தம் மிதிவண்டிக்கு 'ராயல் என்ஃபீல்டு' என்று பெயர் சூட்டினர். துப்பாக்கிபோல் செய்யப்பட்டது என்பது அவர்களுடைய விளம்பர வாசகமாயிற்று. பீரங்கி வணிகச் சின்னமாயிற்று. 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தனர். 1932இல் இலண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் 'புல்லட்' என்னும் பெயர் முதன்முதலாக வெளிப்பட்டது. துப்பாக்கிப் பெயர் கொண்ட நிறுவனம் தன் வண்டிக்குத் தோட்டா என்று பெயரிட்டது பொருத்தமே.

இந்திய வரலாறு படித்தவர்க்கு இந்தப் பெயர்கள் இரண்டும் சேர்ந்து வேறொன்றை நினைவூட்டும். 1857ஆம் ஆண்டுப் பேரெழுச்சிக்கு உடனடிக் காரணமாகச் சொல்லப்படுபவை, சிப்பாய்கள் பல்லால் கடித்துத் திறக்க வேண்டியிருந்த கொழுப்புத் தடவிய தோட்டாக்கள். அவை என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரியவை. என்ஃபீல்டும் தோட்டாவும் இந்த மண்ணுக்கு ஒருமுறை அவ்வாறு வந்தன. ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, விடுதலை பெற்ற இந்தியாவின் இராணுவமே விரும்பி அழைக்க, அவ்விரு பெயர்களும் மறுபடியும் வந்தன. இம்முறை அவை இங்கேயே தங்கிவிட்டன.

திருவொற்றியூர்

எல்லைப்புறக் காவலுக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டபோது இந்திய இராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. சென்னையில் அந்நிறுவனத்தின் முகவராக இருந்தது மெட்ராஸ் மோட்டார்ஸ். 1952இல் இராணுவத்தின் கட்டளை அதன்வழியே ரெட்டிச்சுக்குச் சென்றது. கட்டளைகள் தொடரவே, வண்டிகளைக் கப்பலில் கொண்டுவந்து விற்பதைவிட இங்கேயே செய்வது தகும் என்ற எண்ணம் வலுத்தது. 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்சும் கூடி என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை உருவாக்கின. தொழிற்சாலைக்குத் தேர்ந்த இடம் திருவொற்றியூர்.

பட்டினத்தார் அடங்கிய தலமாகவும், சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலமாகவும், வள்ளலார் நாள்தோறும் நடந்துசென்று வழிபட்ட தலமாகவும் நாம் அறிந்த அந்த ஊர், அப்போது தொழில் நகராக மாறிக்கொண்டிருந்தது. பலூன் செய்யும் சிறு கொட்டகையாக 1946இல் தொடங்கிய எம்.ஆர்.எஃப். அங்கே வளர்ந்துகொண்டிருந்தது. சற்று வடக்கே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் இருந்தது. 1956இல் திருவொற்றியூர்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. உறுப்புகள் பெட்டி பெட்டியாக இங்கிலாந்திலிருந்து வந்தன, இங்கே பூட்டப்பட்டன. அவ்வாண்டு முடிவுக்குள் பூட்டி முடித்த புல்லட்டுகள் 163. அடுத்த ஆண்டில் உறுப்புகளைச் செய்வதற்கான கருவிகளும் அச்சுகளும் வந்து சேர்ந்தன. 1962 வாக்கில் வண்டியின் உறுப்புகள் அனைத்தும் இந்தியாவிலேயே ஆகத் தொடங்கின.

அதே காலத்தில் தாயகத்தில் நிகழ்ந்தது வேறு. ரெட்டிச்சில் புல்லட்டின் வடிவம் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே சென்றது. 1960களின் முற்பகுதியோடு பழைய அமைப்பு அங்கே வழக்கொழிந்தது. 1967இல் ரெட்டிச் தொழிற்சாலையே மூடப்பட்டது. பிராட்போர்டு-ஆன்-ஏவனில் எஞ்சியிருந்த உற்பத்தியும் 1970இல் நின்றது. திருவொற்றியூரோ 1955ஆம் ஆண்டு அமைப்பைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு தொடர்ந்து செய்துவந்தது. தாய்நிலத்தில் வழக்கிறந்த பழஞ்சொல், கடல் கடந்து சென்றவர் பேச்சில் உயிரோடு இருப்பதைப் போன்றது இது. 1977இல் என்ஃபீல்டு இந்தியா தன் புல்லட்டுகளை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. பிறந்த நாட்டில் இறந்துபோன வண்டி, வளர்ந்த நாட்டிலிருந்து பிறந்த நாட்டுக்குத் திரும்பியது. ரெட்டிச் புல்லட் வைத்திருந்த ஆங்கிலேயர்கள் உதிரி உறுப்புகளுக்குத் திருவொற்றியூரை எதிர்பார்க்கும் நிலை வந்தது. 1994இல் ஐஷர் குழுமம் என்ஃபீல்டு இந்தியாவை வாங்கிய பின்னும் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் இன்னும் சில ஆண்டுகள் தொடர்ந்தது. 2008க்குப் பின் புதிய இன்ஜின் அதன் இடத்தைப் பிடித்தது. 2013 முதல் ஒரகடத்திலும் வண்டிகள் ஆகின்றன.

உறுப்புகளின் ஊர்கள்

இந்த வரலாற்றைத் தாளில் படிப்பது ஒருவகை. வண்டியைப் பிரித்துப் படிப்பது மற்றொரு வகை. 1950களின் இறுதியிலோ 60களிலோ பிறந்த ஒரு புல்லட்டைப் பிரித்து, உறுப்புகளைச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தால் ஒரு நிலப்படமே விரியும்.

இன்ஜினின் கொள்ளளவு 346 சி.சி. சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். குறுக்களவைவிட ஏறி இறங்கும் தொலைவு மிகுதியாக இருப்பதனால்தான் அந்த நிதானமான, ஒவ்வொன்றாக எண்ணத்தக்க ஒலி. எண்ணெய்க்கெனத் தனித்தொட்டி இல்லை. கிராங்க்கேஸிலேயே அதற்கோர் அறை வார்த்திருப்பார்கள். கியர்பாக்ஸ் தனிப்பெட்டி, பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்பியன் நிறுவனத்தின் வடிவமைப்பு. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முதல் கியரைத் தவிர வேறு எந்தக் கியரில் இருந்தாலும் ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் சிறு மிதி ஒன்றும் உண்டு. வேறு வண்டி ஓட்டிப் பழகியவர்கள் புல்லட்டில் முதன்முதலாக ஏறித் தடுமாறுவதற்கு இந்த இடவலமாற்றமே காரணம்.

கார்புரேட்டர் பழைய வண்டியில் ஆமல், பின்னாளில் மிக்கார்ப். மின்சாரம் முதலில் லூகாசினுடையது. தொடக்கக் கால ஆங்கிலப் புல்லட்டுகளில் மேக்னெட்டோவும் டைனமோவும் ஒன்றாய் இணைந்த 'மேக்டைனோ' இருந்தது. இங்கே நெடுங்காலம் ஓடிய வண்டிகளில் ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் காயிலும் பாயிண்டும் வந்தன. 1961இல் லூகாசும் டி.வி.எஸ்சும் கூடிச் சென்னை பாடியில் தொழிற்சாலை அமைத்த பிறகு 'லூகாஸ் டி.வி.எஸ்.' என்னும் எழுத்துகள் இந்திய வண்டிகளின் மின்னுறுப்புகளில் இடம்பெற்றன. ஹெட்லைட்டையும் ஸ்பீடோமீட்டரையும் ஆம்ப் மீட்டரையும் ஒருங்கே தாங்கும் தலைக்கவசம் போன்ற வார்ப்பும், அதன் இருபுறமும் கண்போல் விழிக்கும் இரு சிறு விளக்குகளும் 1954ஆம் ஆண்டு வண்டிகளோடு வந்தவை. அதில் இருப்பது ஸ்மித்ஸ் நிறுவனத்து ஸ்பீடோமீட்டராகவும் அது மைல் கணக்கில் காட்டுவதாகவும் இருந்தால், அது இங்கிலாந்திலிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் இயற்றிய நாடு மெல்ல மெல்லக் கிலோமீட்டருக்கு மாறியதை அந்தச் சிறு வட்டமும் சொல்கிறது.

ஸ்பார்க் பிளக்கை நம் வட்டாரத்தார் தனியே கவனிக்கலாம். விருத்தாசலம் பகுதியினராகிய நமக்குச் செராமிக் என்றால் பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் நினைவுக்கு வரும். பிளக்கின் வெள்ளை உடலும் செராமிக்தான். சிலிண்டருக்குள் வெடிக்கும் நெருப்பையும், ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தையும் ஒருசேரத் தாங்க வேறு பொருளால் எளிதில் இயலாது. அதன் உடலில் உள்ள வரிகள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல. மின்சாரம் மேற்பரப்பு வழியே தாவிச் செல்லாதபடி வழியை நீட்டுவதற்காக இடப்பட்டவை. 1951இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற மைக்கோ நிறுவனத்தின் பெயர் பொறித்த பிளக் ஒன்று பழைய டூல்பாக்ஸின் அடியில் கிடைத்தால், அதன் எழுத்துகள் பெரும்பாலும் படிக்கும் நிலையிலேயே இருக்கும். இரும்பில் உள்ளதைத் துரு தின்றுவிடும். சுட்ட களிமண்ணில் உள்ளதை அது தீண்டுவதில்லை.

பெரிய உறுப்புகளைவிட நுட்பமான சான்று மரையில் இருக்கிறது. பழைய புல்லட்டில் விட்வொர்த், பி.எஸ்.எஃப்., சைக்கிள் மரை என்று ஆங்கில மரபின் பல மரைகள் கலந்திருக்கும். விட்வொர்த்துக்கும் பி.எஸ்.எஃப்.புக்கும் மரையின் கோணம் 55 பாகை. சைக்கிள் மரைக்கு 60. பின்னாளில் மெட்ரிக் மரைகள் புகுந்தன. அவற்றின் கோணமும் 60. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு போல்டுகளில் ஒன்று இரண்டு சுற்று ஏறியதும் நின்றுவிடும். பலவந்தமாக முறுக்கினால் அலுமினிய வார்ப்பின் மரை அழிந்துபோகும். எழுத்தொத்த சொல் எல்லாம் ஒரே சொல் ஆகாது என்பதை ஏடு பார்த்தவர் அறிவார். போல்டு பார்த்தவரும் அறிவார்.

எண்களும் சுவடுகளும்

மூலத்தைத் தேடுவோர்க்கு முதற்சான்று எண். கைப்பிடித் தண்டின் கழுத்தருகே சட்டத்தில் ஒன்று, கிராங்க்கேஸில் ஒன்று என இரண்டு எண்கள் பொறித்திருக்கும். ரெட்டிச் வண்டியாயின் எந்த நாளில் எந்த வணிகருக்கு அனுப்பப்பட்டது என்பதைத் தொழிற்சாலையின் அனுப்புகைப் பேரேடுகள் சொல்லும். அப்பேரேடுகளை இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு உரிமையாளர் சங்கம் பேணி வருகிறது. இந்திய வண்டிக்கு முதன்மையான துணை ஆர்.சி. புத்தகம். அதன் பக்கங்களைப் புரட்டினால் வண்டி கைமாறிய வரிசை தெரியும். முதலில் ஓர் ஒப்பந்தக்காரர், அடுத்து ஓர் ஆசிரியர், பிறகு ஒரு விவசாயி. இடையே தவணைக்கடன் பதிவு. பின் கடன் தீர்ந்த முத்திரை. மாவட்டம் மாறிச் சென்றதற்கான ஆட்சேபணையின்மைக் குறிப்பு. பதிவெண்ணின் முதலெழுத்தும் பேசும். சென்னை மாநிலக் காலத்துப் பதிவெண்கள் 'எம்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கின. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பின் மாநிலக் குறியீடும் வட்டார எண்ணும் சேர்ந்த இன்றைய முறை வந்தது. கடலூருக்கு 31 என்பது அவ்வகையில் அமைந்ததே. 1993இல் தென்னார்க்காடு பிரிந்தது. பழைய புத்தகங்களின் முத்திரைகளில் மட்டும் அது இன்னும் ஒரே மாவட்டமாக இருக்கிறது.

எழுத்தில் இல்லாத சான்றுகளும் உண்டு. பிஸ்டனின் தலையில் 20 என்றோ 40 என்றோ எண் இருந்தால், சிலிண்டர் தேய்ந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கோ 40 பங்கோ அகலப்படுத்தப்பட்டு, பெரிய பிஸ்டன் இடப்பட்டது என்று பொருள். வண்டி எத்தனை முறை உயிர்போய் மீண்டது என்பதற்கு அதுவே கணக்கு. பெட்ரோல் டேங்கின் ஓரத்தில் ஓடும் பொன்னிறக் கோடு ஒரே சீராக இல்லாமல் வளைவில் மயிரிழை தடித்திருந்தால் அது அச்சடித்தது அன்று என்று அறியலாம். சென்னைத் தொழிற்சாலையில் அக்கோடு தூரிகை கொண்டு கையால், ஒரே இழுப்பில் இடப்பட்டது. பின்னங்காலத்துச் சட்டத்தில் பற்றவைத்த தழும்பு ஒன்று இருந்தால், சுமை மிகுந்த ஏதோ ஓர் அறுவடைக் காலத்தின் நினைவு அது.

இவை அனைத்தையும் அழிப்பதும் எளிது. வண்டியைப் புதிதாக்குகிறோம் என்று தொடங்குவோர் பலரும் முதலில் நாடுவது மணற்பீச்சு இயந்திரத்தை. காற்றின் விசையால் மணலைப் பாய்ச்சினால் துருவும் பழைய பூச்சும் நொடியில் உதிர்ந்துவிடும். கூடவே மென்மையான அலுமினியத்தின் மேற்பரப்பும், மங்கலாய் எஞ்சிய எண்ணும், கைக்கோட்டின் தடமும் உதிர்ந்துவிடும். இதே இயந்திரம் நம் கோயில்களில் என்ன செய்தது என்பதை நினைவுகூர வேண்டும். குடமுழுக்கின்போது சுவர்களைப் பளிச்சென்று ஆக்குவதற்காக மணல் பீச்சப்பட்டது. கல்லின் தோலோடு கல்வெட்டு எழுத்துகளும் சிற்பங்களின் நுண்மையும் தேய்ந்தன. தொல்லியல் அறிஞர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தபின் அறநிலையத்துறை அதனைத் தடை செய்தது. மோட்டார் சைக்கிளுக்கு அத்தகைய தடை ஏதும் இல்லை. பளபளப்பையே பழமைக்குச் செய்யும் மரியாதையாகக் கருதும் மனப்போக்கு இரண்டிடத்தும் ஒன்றுதான்.

மூலம் எது?

இனி, நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம். 1960இல் திருவொற்றியூரில் பூட்டிய புல்லட் ஒன்றை மீட்டெடுப்பவர் எதனை மூலமாகக் கொள்ள வேண்டும்?

வசதி படைத்தோரிடையே பரவிவரும் வழக்கம் ஒன்று உண்டு. இந்திய உறுப்புகளை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, இங்கிலாந்திலிருந்து பழைய லூகாஸ் விளக்கையும் ஸ்மித்ஸ் மீட்டரையும் ரெட்டிச் முத்திரையையும் வரவழைத்துப் பொருத்துவர். அதையே அசல் என்று அழைப்பர். இவ்வண்டி என்றும் இருந்திராத ஒரு நிலைக்கு அதனைக் கொண்டுசெல்லும் செயல் அது. மதுரைப் பிரதியில் உள்ள பாடத்தை நீக்கி, அது வட்டாரப் பாடம் என்பதற்காகவே பிழை என்று தள்ளி, வேறு பிரதியின் பாடத்தைப் புகுத்தும் பதிப்பாசிரியரை நாம் ஏற்போமா?

சட்டமும் இவ்வினாவில் நுழைந்துவிட்டது. 2021 ஜூலையில் மைய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டுகள் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழமைச் சிறப்பு வாகனங்களாகத் தனியே பதிவு செய்யலாம். அவை மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். பெருமாற்றம் எதுவும் செய்திருத்தல் கூடாது. புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்த இயலாது. இவ்விதியால் எது மூலம் என்னும் கேள்வி புலவர் மன்றத்துக்கு உரியதாக மட்டும் நின்றுவிடாமல் போக்குவரத்து அலுவலகத்தின் மேசைக்கும் வந்துவிட்டது. ஆங்கில உறுப்பு மாட்டிய திருவொற்றியூர் வண்டி மூல வடிவம் உடையதா? விவசாயி ஒருவர் முப்பதாண்டு ஓட்டுவதற்காகப் பழுதுபார்த்த உறுப்பு பெருமாற்றமா? சான்று வைத்திருப்பவரே விடை சொல்ல முடியும்.

இதில் நேர்மையான வழி எது என்பதற்கு அந்நிறுவனமே ஓர் எடுத்துக்காட்டுத் தந்திருக்கிறது. 1901 நவம்பரில் இலண்டன் ஸ்டான்லி சைக்கிள் கண்காட்சியில் வைக்கப்பட்ட முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களில் ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை. ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பின், பழைய புகைப்படங்களையும் விளம்பரங்களையும் துணைகொண்டு அவர்கள் அதனை மறுபடி செய்தனர். முன்சக்கரத்தின் மேலே இன்ஜின். அங்கிருந்து பின்சக்கரத்துக்கு நீண்ட தோல்வார். செய்து முடித்த வண்டியைப் பழையது என்று அவர்கள் கூறவில்லை. ஊகத்தால் மீட்டமைத்தது என்றே அறிவித்தனர். சிதைந்த ஏட்டின் இடைவெளியைத் தம் சொல்லால் நிரப்பும் பதிப்பாசிரியர், அதனை அடைப்புக்குறிக்குள் இடுவதற்கு ஒப்பானது இது.

மெய்கண்டார் அவதரித்த ஊர் என்று சைவ உலகம் போற்றும் பெண்ணாடத்தில் இருந்துகொண்டு இவ்வினாவை ஆராயும்போது, சித்தாந்தம் கூறும் காரண வகைகளை எண்ணாமல் இருக்க முடியவில்லை. குடம் ஒன்று ஆவதற்கு மண் முதற்காரணம், தண்டமும் திகிரியும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். மூன்றில் ஒன்று இல்லையெனினும் குடம் இல்லை. களிமண்ணும் சூளையும் வாழ்க்கையாகக் கொண்ட விருத்தாசலத்து மக்களுக்கு இவ்வுவமை விளக்கம் வேண்டாதது. புல்லட்டுக்கு இதனைப் பொருத்திப் பார்க்கலாம். இரும்பும் அலுமினியமும் முதற்காரணம். ரெட்டிச்சிலிருந்து வந்த அச்சும் கருவியும் துணைக்காரணம். வார்த்தவர், கடைந்தவர், பூட்டியவர், கோடு இழுத்தவர், பிறகு அரை நூற்றாண்டு அதனைப் பழுதுபார்த்தவர் ஆகியோர் நிமித்தகாரணம். துணைக்காரணம் ஒன்றையே மூலம் என்று கொள்வது திகிரியைக் கண்டு குயவனை மறப்பதாகும். திருவொற்றியூர்ப் புல்லட்டின் மூலம் திருவொற்றியூரே. அதன்பின் ஊர்ப் பட்டறைகளில் நேர்ந்த ஒவ்வொரு பழுதுபார்ப்பும் அந்நூலுக்கு எழுந்த உரை. உரையில் நல்லுரையும் உண்டு, போலியுரையும் உண்டு. ஆராய்ந்து கொள்வதும் தள்ளுவதும் பதிப்பவர் கடமை. ஆராயாமல் முழுவதையும் தள்ளுதல் ஆகாது.

இதிலிருந்து நடைமுறை ஒன்றும் கிடைக்கிறது. கழற்றுவதற்கு முன் ஒவ்வோர் உறுப்பையும் படமெடுக்க வேண்டும். எண்களைத் தாளில் பிரதியெடுக்க வேண்டும். பழைய பூச்சின் அடுக்குகளை ஒரு மூலையிலாவது தீண்டாமல் விட வேண்டும். மாற்றியது எது, எங்கிருந்து வந்தது, எப்போது மாற்றியது என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். கழற்றிய உறுப்பை எடைக்குப் போடாமல் பெயரிட்டுக் கட்டி வைக்க வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கியதைப் புதுப்பேட்டையில் வாங்கியது என்றே எழுதுதல் இழிவன்று.

தச்சன் பெயர்

பெண்ணாடத்துச் சுடர்க்கொழுந்தீசர் கோயிலுக்குத் தேவாரம் வழங்கும் பெயர் தூங்கானைமாடம். படுத்துறங்கும் யானையின் பின்புறம்போல் வளைந்த விமானம் அது. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் விமானமும் அதே தூங்கானைமாட வகையினது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அதனைக் கருங்கல்லால் எழுப்பிய தச்சனின் பெயர் இரவி என்றும், வீரசோழத் தச்சன் என்பது அவன் சிறப்புப் பெயர் என்றும் அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கைவினைஞனின் பெயரைக் கல்லில் பொறித்த ஊர் அது. அதே ஊரில் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் புல்லட்டின் கிராங்க்கேஸை வார்த்தவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் மரபு நம்மிடையே நெடியது. கோயம்புத்தூர் மாவட்டத்துக் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினார். வாங்கிய வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்து, மறுபடி பூட்டி, அவ்வாறே இயந்திரவியல் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்து ஓட்டத் தொடங்கிய அவர் வாழ்க்கை பின்னர் நாடறிந்ததாயிற்று. அவரைப்போல் பிரித்துக் கற்றவர்கள் ஒவ்வொரு சிற்றூரிலும் இருந்தார்கள். கடைத்தெருவின் கோடியில், வேப்பமரத்தடியில், சிமெண்டு தளத்தில் கறைபடிந்த பட்டறையில் அவர்கள் வாழ்ந்தார்கள். காதைச் சாய்த்து ஒலி கேட்டே வால்வின் இடைவெளியைச் சொன்னவர்கள் அவர்கள். கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கடைந்து தந்தவர்கள். எந்த வண்டிக்கு எந்த மரை என்பதை நினைவிலேயே வைத்திருந்தவர்கள். கையேடு எழுதி வைக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஏடு அழிந்தால் நூல் அழிவது போல அவர்களோடு அந்த அறிவும் போகிறது. பழைய இன்ஜின் உற்பத்தி நின்றுவிட்டது. அதனைக் கையால் அறிந்த கடைசித் தலைமுறை முதுமையுற்றிருக்கிறது.

உறுப்புகளைத் தேடும் வேலையை ஆர்வலர்கள் செய்துகொள்வார்கள். பணம் இருந்தால் உறுப்பு கிடைக்கும். சொற்களைத் தேடும் வேலை அவ்வாறன்று. கிக்கர் திருப்பியடிப்பதற்கும், பாயிண்ட் கரிவதற்கும், இன்ஜின் மூச்சுத் திணறுவதற்கும் பட்டறைகளில் வழங்கிய சொற்கள் பல. அவற்றுள் அகராதியேறியவை மிகச் சில. அவற்றைத் தொகுத்தல் சொல்லை அறிந்தவர்க்கு உரிய வேலை. எனவே நம் வட்டத்து அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டுகளில் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் முதிய மெக்கானிக் ஒருவரை அணுகி, அவர் தொழில் கற்ற விதத்தையும், அவர் வழங்கும் சொற்களையும், அவருக்குக் கற்பித்தவர் யார் என்பதையும் கேட்டு, அவர் இசைவோடு எழுதி வர வேண்டும். அடுத்த மலரில் அப்பெயர்களும் சொற்களும் அச்சேறுமாயின், வீரசோழத் தச்சனுக்குக் கல்லில் கிடைத்த இடம் அவர்களுக்குத் தாளிலாவது கிடைக்கும்.